அவன்தான் முதல்ல சுட்டான்

ராத்திரி பதினொரு மணிக்கு மேலே லயத்துக் கதவு தட்டப்பட்டால் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனை வந்துவிட்டது என்று சொல்ல வந்த பக்கத்து வீட்டுக்காரன். சாவுச் சேதி. இல்லையென்றால் போலீசு. ஆனை என்றால் தட்டுகிறவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். சாவு என்றால் அழுகைச் சத்தம் முந்தி வந்துவிடும். பேரும் சொல்லாமல் அழுகையும் இல்லாமல் கதவு இடிபட்டால் எங்க அம்மா எழுந்து முதலில் லைட்டைப் போடும். "வெளிச்சத்துல வந்து நில்லுடா. இருட்டுல நின்னா அவனுக என்ன வேணும்னாலும் சொல்லுவானுக" என்று சொல்லும்.

வெளியூர்த் தோழர்களுக்காகக் கொஞ்சம் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கூடலூரிலிருந்து வருகிற ரோடு நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர் என்று போய் வயநாட்டில் ஏறும். இன்னொன்று மலையிறங்கி வழிக்கடவு, நிலம்பூர் என்று போகும். பேருக்கு ஏற்ற மாதிரி இங்கே நின்றால் கீழே நாடு தெரியும். தெரிகிற நாடு நமக்குச் சொந்தமானது இல்லை, கேரளா. நாங்களும் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து கப்பலேற்றி அனுப்பி, தேயிலை நட இங்கே இறக்கிவிடப்பட்டவர்கள். லயத்தில் முக்கால்வாசி நம்ம ஜனங்கள்தான். மலைக்குச் சொந்தக்காரர்களான பணியரும் காட்டுநாயக்கரும் எங்களுக்கும் கீழே தள்ளப்பட்டுக் கிடக்கிறார்கள்.

2016 நவம்பர் 24 அன்று எங்களுக்குக் கீழே இருக்கிற நிலம்பூர்க் காட்டில், கருளாய்ப் பக்கம், மாவோயிஸ்டுகளான குப்பு தேவராஜும் அஜிதாவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் லயங்களுக்கு ராத்திரி விருந்தாளிகள் அதிகமானார்கள். ஒரு தடவை என் வீட்டுக்கும் வந்தார்கள். எந்தப் படை, எந்த ஸ்டேசன் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருத்தர் அரிசி வாளியைத் திறந்து பார்த்தார். "நாலு பேரு இருக்கற வீட்டுக்கு இத்தனை அரிசி எதுக்குடா?" ரேசன் அரிசி சார், முந்தாநாள்தான் போட்டாங்க என்றேன். கார்டைக் கேட்டார், காட்டினேன். டார்ச் லைட்டை என் முகத்தில் அடித்து ஒரு நிமிசம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பொய் சொல்லக்கூடாது, அடிக்கவில்லை. ஆனால் கதவைத் திறக்கிறதுக்கு முன்னால் எனக்கு ஒரு கணம் பின்பக்கமாக ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஒரு தப்பும் செய்யாத எனக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஓடியிருந்தால்? மறுநாள் பேப்பரில் என்ன வந்திருக்கும் என்று என்னால் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதமுடியும். இதைப் படிக்கிற நீங்களும் எழுதுவீர்கள். இரகசியத் தகவல். விரைந்து சென்றோம். சரணடையச் சொன்னோம். இருட்டிலிருந்து சுட்டான். தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டோம். பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி கிடந்தது.

இந்த ஆறு வாக்கியங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2019 மார்ச் 6 ராத்திரி. வயநாட்டில் வைத்திரிக்கு அடுத்த லக்கிடி. தாமரசேரி மலைப்பாதை ஏறி முடிகிற இடம். மைசூர் போகிற நேசனல் ஹைவேயை ஒட்டி ஒரு ரிசார்ட். மாவோயிஸ்டுகள் வந்து பணமும் சாப்பாடும் கேட்கிறார்கள் என்று போலீசுக்குத் தகவல் போகிறது. தண்டர்போல்ட் படை வருகிறது. ராத்திரி துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. விடிந்தபோது சி.பி. ஜலீல் பிணமாகக் கிடக்கிறார். மலப்புரம் மாவட்டம் பாண்டிக்காட்டுக்காரர். போலீசு சொன்னது: அவர்கள்தான் முதலில் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம். பத்திரிகைகள் அப்படியே எழுதின. 'போலீசு சொல்கிறது' என்கிற இரண்டு வார்த்தையைக்கூட முதல் பத்தியோடு விட்டுவிட்டார்கள். மூன்றாவது பத்தியில் அது நடந்த உண்மையாகவே ஆகிவிட்டது.

ஒன்றரை வருசம் கழித்து, 2020 செப்டம்பரில், தடயவியல் ஆய்வக அறிக்கை வெளியே வந்தது. ஜலீலின் குடும்பம் விடாமல் கோர்ட்டில் நின்றதால் வந்தது. ஜலீலின் உடம்புக்குப் பக்கத்தில் கிடந்ததாகச் சொன்ன துப்பாக்கியிலிருந்து குண்டு எதுவும் வெடிக்கவில்லை என்றது அறிக்கை. அவருடைய வலது கையில் துப்பாக்கி மருந்தின் சுவடு இல்லை என்றது. ஆய்வகம் மாவோயிஸ்டுகளுடையது இல்லை. மனித உரிமைக்காரர்களுடையதும் இல்லை. அரசாங்கத்துடையது. அரசாங்கத்தின் ஒரு கை எழுதியதை அரசாங்கத்தின் இன்னொரு கை பொய்யாக்கியது.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? சுட்டவர் யாரும் அந்தச் சாவுக்காகத் தண்டனை பெற்றதாக இன்றுவரை நான் ஒரு செய்தியும் படிக்கவில்லை. ஆய்வக அறிக்கை வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, 2020 நவம்பர் 3 அன்று அதே வயநாட்டில் பாணாசுர மலைப்பக்கம் பெரியகுளத்துக்காரர் வேல்முருகன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜலீலுக்கும் இவருக்கும் நடுவே 2019 அக்டோபரில் அட்டப்பாடி மஞ்சக்கண்டியில் நாலு பேர். 2024 நவம்பர் 18 ராத்திரி கர்நாடகத்தில், உடுப்பி மாவட்டக் காட்டில், விக்ரம் கவுடா. அவரும் அரிசி பருப்பு வாங்கத்தான் வந்தார் என்றார்கள். அவரும் முதலில் சுட்டார் என்றார்கள். ஊர் மாறுகிறது, மாநிலம் மாறுகிறது, ஆளும் கட்சி மாறுகிறது. சிவப்புக்கொடிக் கட்சி ஆண்ட இடத்திலும் அதே ஆறு வாக்கியம்தான், ஒரு வார்த்தை மாறவில்லை.

இந்த இடத்தில் சில தோழர்கள் கேட்பார்கள்: "நீ என்னப்பா மாவோயிஸ்டா?" இல்லை. அவர்கள் துப்பாக்கியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராத்திரியில் அவர்கள் வந்து அரிசி கேட்டால் எங்கள் ஜனங்களால் இல்லையென்று சொல்லமுடியாது, காலையில் போலீசு வந்து ஏன் கொடுத்தாய் என்றால் பதிலும் சொல்லமுடியாது. நடுவில் மாட்டிக்கொண்டு சாகிறவன் பணியன். இதை அவர்களுக்கும் சொல்வேன். பாபாசாகேப் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது இரத்த வழியை விட்டுவிட வேண்டும், சட்ட வழியைப் பிடிக்க வேண்டும் என்றார். சரி, பிடித்துக்கொண்டோம். ஆனால் அந்தப் பேச்சு நமக்கு மட்டும்தானா? சட்டத்தைக் கையில் வைத்திருக்கிற காக்கிச் சட்டைக்கும் சேர்த்துத்தானே! நாங்கள் அரசியல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அவர்கள் ராத்திரியில் அதை ஸ்டேசனில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறார்கள் என்றால் எப்படி?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டு 'தற்காப்புக்காகக் கொன்றேன்' என்றால், அதை நிரூபிக்கிற பொறுப்பு கொன்றவனுடையது. பழைய சாட்சியச் சட்டத்தில் 105ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதிய சட்டத்தில் 108. பிரிவு எண் மாறியிருக்கிறது, விசயம் அதேதான். சேரிக்காரன் ஒருத்தன் சாதிவெறியன் வெட்ட வந்தபோது தடுத்துத் திருப்பி அடித்து அவன் செத்துப்போனால், நம்ம ஆள் முதலில் ஜெயிலுக்குப் போவான். ஜாமீனுக்கு அலைவான். வக்கீல் வைத்துக் கூண்டில் நின்று தற்காப்புத்தான் என்று நிரூபிக்கவேண்டும். வருசக்கணக்காகும். காக்கிச் சட்டைக்காரர் அதே வார்த்தையைச் சொன்னால் மறுநாளே மெய். கூண்டு வேண்டாம், குறுக்கு விசாரணை வேண்டாம்.

1997 மார்ச்சில் தேசிய மனித உரிமை ஆணையத் தலைவராக இருந்த நீதிபதி வெங்கடாசலய்யா எல்லா மாநில முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார். போலீசுக்கு உயிரை எடுக்கத் தனி உரிமை எதுவும் சட்டத்தில் கிடையாது, எல்லாருக்கும் உள்ள தற்காப்பு உரிமைதான் அவர்களுக்கும் என்று. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பி.யு.சி.எல். வழக்கில் பதினாறு நெறிமுறைகள் போட்டது. வழக்குப் பதிய வேண்டும். சுட்ட ஸ்டேசன்காரர்கள் விசாரிக்கக்கூடாது, சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேசன்காரர்களோ விசாரிக்க வேண்டும். சுட்ட துப்பாக்கியை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். சுட்ட சூட்டோடு மெடலும் பதவி உயர்வும் கொடுக்கக்கூடாது. நல்ல தீர்ப்பு. 2015 ஏப்ரல் 7இல், தீர்ப்பு வந்து ஏழு மாதம் முடிவதற்குள், ஆந்திராவில் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போன இருபது தமிழ்நாட்டுக் கூலிகளைச் சுட்டுப் போட்டார்கள். பல பேர் ஜவ்வாது மலைப் பக்கத்து ஆதிவாசிகள். கல்லாலும் கோடாரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்று சொன்னார்கள். அங்கே துப்பாக்கி வைக்க முடியவில்லை, அதனால் கோடாரி.

இதில் 'துணை'களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்து நடந்தவர்களைச் சுட்டார்களே, பதின்மூன்று பேர். அந்த முதல் தகவல் அறிக்கைகளில் சுட உத்தரவு கொடுத்ததாக யார் பேர் இருந்தது? துணைத் தாசில்தார்கள். கலெக்டர் அன்றைக்குக் கோவில்பட்டியில். மாவட்டத்தையே கையில் வைத்திருந்த பெரிய அதிகாரிகளின் கையெழுத்து அதில் இல்லை. ரேசன் கார்டுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நாம் போய் நிற்கிற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர், துப்பாக்கிப் படைக்கு உத்தரவு போட்டார் என்று நம்மை நம்பச் சொன்னார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கலெக்டர் ஆபீசு வளாகத்தில் பூங்காவுக்குள் மறைந்து நின்று, ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. பதினேழு போலீஸ்காரர்கள் மேல், அதோடு வருவாய்த்துறை ஆட்கள் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதுவரைக்கும் நாலு வருசம் நமக்குச் சொல்லப்பட்ட கதை என்ன? கூட்டம் கலெக்டர் ஆபீசைக் கொளுத்த வந்தது, வேறு வழியில்லை. பட்டப்பகலில், ஆயிரக்கணக்கான பேர் கண் முன்னால், செல்போன் காமிராக்களுக்கு நடுவே நடந்ததற்கே இந்தக் கதை என்றால், லக்கிடியில் ராத்திரி நடந்ததற்கு எது சாட்சி? செத்தவன் உடம்பும் செத்தவன் பக்கத்தில் கிடந்த துப்பாக்கியும்தான். அதனால்தான் ஆய்வக அறிக்கையைப் பெரிதாகப் பேசுகிறேன். துப்பாக்கிக்கு மேலதிகாரி கிடையாது. புரமோசன் கேட்காது.

ஆணையம் வைத்தாலே நியாயம் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் பரமக்குடியில் நம் பிள்ளைகளைச் சுட்டார்கள். ஆறு உயிர் போயிற்று. சம்பத் ஆணையம் 2013இல் சுட்டது தவிர்க்கமுடியாதது என்று சொல்லிவிட்டது. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் அடித்து விரட்டினார்கள். பதினேழு பேர், அதில் ஒரு கைக்குழந்தை. பெரும்பாலோர் மூழ்கிச் செத்தார்கள் என்று கணக்கு எழுதினார்கள். தேயிலைக்காரனாக எனக்கு அந்தக் கணக்கைப் படிக்கும்போது வேறெதையும்விட அதிகமாக வலித்தது. மூழ்கினார்கள், சரி. ஆற்றுக்குள் ஓட வைத்தது யார்?

நம்ம ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 2019 டிசம்பர் 6 விடியற்காலை ஹைதராபாத் பக்கம் பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நாலு பேரை போலீசு சுட்டபோது ஜனங்கள் போலீசு மேல் பூப்போட்டார்கள். எங்கள் லயத்திலும் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினார்கள். நான் எதிர்த்துப் பேசியபோது, "உன் வீட்டுப் பொண்ணுன்னா இப்படிப் பேசுவியா?" என்று என்னைக் கேட்டவர் சொந்தச் சித்தப்பா. எனக்கு அப்போது பதில் வரவில்லை. உச்ச நீதிமன்றம் வைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது: துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார்கள் என்ற கதை நம்பமுடியாதது, வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், பத்து போலீஸ்காரர்களைக் கொலை வழக்கில் விசாரியுங்கள் என்று. சித்தப்பாவிடம் சொன்னேன். "அதனால என்ன, செத்தவனுக நல்லவனா?" என்றார். செத்தவன் நல்லவனா என்கிற கேள்வி அதில் வரவே கூடாது சித்தப்பா. இன்றைக்கு அவனைக் கெட்டவன் என்று முடிவு கட்டுகிற அதே வாய் நாளைக்கு உங்கள் வீட்டு அரிசி வாளியைப் பார்த்து முடிவு கட்டும். கட்டுகிறவன் ஒருத்தனே, எழுதுகிறவன் அவனே, விசாரிக்கிறவனும் அவனே.

லக்கிடியில் ஒரு மரம் இருக்கிறது. சங்கிலி மரம் என்பார்கள். மலை ஏற வழி தெரியாமல் வெள்ளைக்கார எஞ்சினியர் தவித்தபோது, காட்டுப் பாதையைக் காட்டிக் கொடுத்தவன் கரிந்தண்டன் என்கிற பணியர். வழி கண்டுபிடித்த பேர் தனக்கே வரவேண்டும் என்று வெள்ளைக்காரன் அவனைக் கொன்றுவிட்டான் என்பது வயநாட்டு ஜனங்கள் சொல்கிற கதை. செத்த கரிந்தண்டன் ஆவியாக வந்து வழிப்போக்கர்களைத் தொந்தரவு செய்தானாம். மந்திரவாதியைக் கூட்டிவந்து ஆவியைச் சங்கிலி போட்டு மரத்தில் கட்டிவிட்டார்களாம். டூரிஸ்டுகள் இறங்கி நின்று போட்டோ எடுக்கிறார்கள். கதைதான், ஆனால் யோசித்துப் பாருங்கள். செத்தவனைக் கட்டினார்கள், கொன்றவனைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஜலீல் செத்த இடம் அதே லக்கிடிதான்.

அம்மாவுக்கு லக்கிடி தெரியாது. மாவோயிஸ்டு யார் என்றும் தெரியாது. ஜலீல் செத்த சேதியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது, "லெச்சுமணனையும் இப்பிடித்தான சொன்னானுக" என்றது. 1977 மே 11, தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டம். தோட்டக் காணியை எடுக்க வந்தபோது எதிர்த்து நின்ற ஜனங்கள் மேல் சிலோன் போலீசு சுட்டதில் செத்தவர் சிவனு லெட்சுமணன். அம்மா அப்போது குமரி, பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தது. அதற்கும் முந்தி 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டதைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறது. சிலோனிலிருந்து அம்மா கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் இந்தப் பேர்களும்தான். தோட்டத்துக்காரனுக்குப் பேப்பரில் எழுதி வைக்கத் தெரியாது, வாயில் வைத்திருப்பான்.

மாஜிஸ்திரேட் விசாரணை பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். சாவு நடந்த பிறகு பேப்பரில் ஒரு கட்டம் கட்டி விளம்பரம் போடுவார்கள். இச்சம்பவம் குறித்துத் தகவல் தெரிந்தவர்கள் இன்ன தேதியில் இன்ன அலுவலகத்தில் நேரில் ஆஜராகி வாக்குமூலம் அளிக்கலாம் என்று. காட்டோரக் குடிசையில் இருக்கிற பணியர் கிழவி அந்தப் பேப்பரை எங்கே பார்ப்பாள்? பார்த்தாலும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய், வாசலில் நிற்கிற போலீஸ்காரரைத் தாண்டி உள்ளே போய், போலீசு சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு, திரும்ப அதே காட்டோரக் குடிசைக்கு ராத்திரி வந்து படுக்கவேண்டும். எத்தனை பேர் போவார்கள்? விசாரணை அதிகாரி காட்டுக்கு வரட்டும். பகலில் வரட்டும். காக்கி இல்லாமல் வரட்டும். ஜனங்களோட பேச்சில் எழுதிக்கொள்ளட்டும். வக்கீல் ஒருவர் கூட உட்காரட்டும். பத்திரிகைக்காரர்கள், குறைந்தபட்சம் ஆய்வக அறிக்கை வருகிற வரைக்கும், 'போலீசு சொல்கிறது' என்கிற இரண்டு வார்த்தையைக் கடைசிப் பத்தி வரைக்கும் விடாமல் போடட்டும். இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் போட வேண்டியதில்லை.

போன மாசம் ராத்திரி மறுபடி கதவு தட்டினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க முடியவில்லை. படுத்தபடியே "லைட்டைப் போடு, லைட்டைப் போடு" என்று கத்தியது. ஆனைதான். கீழ் லயத்து வாழையை முறித்துக்கொண்டிருந்தது.